அமாவாசைக்கு ஏர் பூட்டுவதில்லை

"வாரத்துக்கு எத்தனை நாள் குடிப்பீங்க?"

டாக்டர் போனில் இப்படிக் கேட்டபோது ஸ்பீக்கர் ஆனில் இருந்தது. சமையல் மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சோபாவில் தந்தி பேப்பரை ஐபேடில் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் 'ட்ரிங்க்' என்ற வார்த்தை எந்த ஊரிலும் புரியும். அவரும் நிமிர்ந்தார்.

நான் குடிப்பதில்லை. காலேஜ் காலத்திலும் இல்லை, இங்கே எம்.எஸ். படிக்க வந்த பிறகும் இல்லை. அதைச் சொன்னேன். டாக்டர் நம்பினாரா என்று தெரியவில்லை. வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டுமே எகிறியிருந்தன. ஊரில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று ரிப்போர்ட்டில் வருமே, அதேதான். கல்லீரல் சம்பந்தப்பட்டது என்று பொதுவாகச் சொல்லும் என்சைம்கள். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவர் கேட்ட அடுத்த கேள்விதான் சரியான கேள்வி: "டெஸ்ட்டுக்கு முந்தின நாள் என்ன செஞ்சீங்க?"

முந்தின நாள் லெக் டே. அதற்கு முந்தின நாள் முதுகு. அதற்கு முந்தின நாள் நெஞ்சும் தோளும். வாரத்தில் ஆறு நாள், ஏழு மாதமாக, ஒரு வாரம்கூட விடாமல்.

இந்தப் பகுதியில் வழக்கமாகப் பள்ளிக்கூடம், டிபன் டப்பா, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு என்றுதான் எழுதுவேன். இந்த மாதம் என் உடம்பைப் பற்றி எழுதவேண்டி வந்துவிட்டது. ஆனால் விஷயம் கடைசியில் பிள்ளைகளிடம்தான் போய் நின்றது, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த என்சைம்கள் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கனமான எடை தூக்கினால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஆகிறது. உள்ளே இருப்பது ரத்தத்தில் கசிகிறது. சுவீடனில் எடைப்பயிற்சிப் பழக்கம் இல்லாத 15 ஆரோக்கியமான ஆண்களை ஒரு மணி நேரம் எடை தூக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2008ல் வெளியான அந்த ஆய்வில், ஏழு நாள் கழித்தும் இந்த எண்கள் இறங்கவில்லை. ஒரே ஒரு மணி நேரத்துக்கு அப்படி என்றால், வாரம் ஆறு மணி நேரத்துக்கு?

டாக்டர் தசைக்கென்றே உள்ள சி.கே. பரிசோதனையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். பத்து நாள் எடையைத் தொடக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், பிறகு மறுபடி ரத்தம் கொடுக்கவேண்டும். கூடவே ஒன்று சொன்னார், அதை அப்படியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். தசை மிதமிஞ்சிச் சிதைந்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்தையே முடக்கிவிடும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஜிம்முக்குத் திரும்பி முதல் நாளே வீரம் காட்டுகிறவர்களுக்கு இது நடக்கிறது. புத்தாண்டுத் தீர்மானக்காரர்கள் கவனிக்கவும்.

சரி, ஏன் ஆறு நாள்? அதற்குக் காரணம் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவுக்கு முதல் ஹார்ட் அட்டாக் வந்தபோது வயது 44. தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வாடகைக் காரில் கொண்டுபோனோம். நான் அப்போது ப்ளஸ் டூ. அந்த ஒன்றரை மணி நேரப் பயணம் இன்னும் கனவில் வரும். போன வருடம் எனக்கு 38 ஆனது. கணக்குப் போடத் தெரிந்தவன்தானே, ஆறு வருடம் பாக்கி என்று மனசு கழித்துப் பார்த்துவிட்டது.

நம் மக்களுக்கு இது வெறும் பயமும் இல்லை. மவுண்டன் வியூவில் எல் கமினோ மருத்துவமனை 2006ல் தெற்காசியர்களுக்கென்றே ஒரு இதய மையம் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. நம் பே ஏரியாவிலும் சிகாகோவிலும் 906 பேரைச் சேர்த்து 2010ல் தொடங்கிய 'மசாலா' ஆய்வைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். (பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.) மற்ற இனத்தவரோடு ஒப்பிட்டபோது நமக்குத் தசை குறைவு, கல்லீரலிலும் தசைகளுக்கு இடையிலும் கொழுப்பு அதிகம் என்று அதில் தெரியவந்தது. சட்டை போட்டால் ஒல்லியாகத் தெரிவோம், உள்ளே கதை வேறு. ஆகவே எடை தூக்கித் தசை சேர்ப்பது நமக்கு நல்லதுதான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

தப்பு எங்கே என்றால், நல்லது என்றால் நிறைய நல்லது என்று நினைத்தேன். மாத்திரை நல்லது என்பதற்காக டப்பாவையே விழுங்குவோமா? 'நோ டேஸ் ஆஃப்' என்று நெஞ்சில் எழுதிய கறுப்பு டீ-சர்ட் ஒன்று வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு காலை ஐந்து மணிக்கு ஜிம். ராத்திரி ஒன்பதரைக்கு இங்கே என்றால் சென்னையில் காலை பத்து, டீமோடு கால். படுக்கும்போது பதினொன்றரை. ஐந்து மணி நேரத் தூக்கம். நெருங்கிய நண்பன் ஒருவன், "தோள் வலிக்குதுன்னு சொல்றியே, ஒரு வாரம் விடேன்டா" என்றபோது நான் அவனுக்கு வேலூர் சதீஷ் சிவலிங்கத்தை உதாரணம் காட்டினேன். 2018 கோல்டுகோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தொடைக் காயத்தோடு வந்து, மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே! இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒரு நாளுக்காக வலியைத் தாங்கினார். எனக்கு எந்த நாட்டுக்குப் பதக்கம்? மேலும் 2014 கிளாஸ்கோவில் அதே மனிதர் தூக்கியது 328 கிலோ. காயம் சும்மா விடவில்லை, 11 கிலோவை எடுத்துக்கொண்டுதான் விட்டது.

பத்து நாள் ஓய்வின் முதல் நாள் காலை ஐந்துக்கே விழிப்பு வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் பால்காரன் மாதிரி வீட்டுக்குள் நடந்தேன். அப்பா ஏற்கனவே எழுந்து காபி போட்டிருந்தார். "வா, ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்றார்.

அயர்ன் ஹார்ஸ் டிரெயிலில் நடந்தோம். சான் ரமோன்காரர்களுக்குத் தெரியும், அது பழைய ரயில் பாதை. 1891ல் சதர்ன் பசிபிக் போட்ட தண்டவாளம், 1978ல் கைவிட்டுவிட்டார்கள், இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும். பொலிஞ்சர் கேன்யன் சாலைக்கு மேலே இருக்கும் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் டயாப்லோ மலை, கோடையில் காய்ந்த புல் தங்க நிறத்தில். அப்பாவுக்கு அது பிடிக்காது. "எல்லாம் கருகிக் கெடக்குது, இதப் போயி கோல்டன்ங்கறீங்க" என்பார்.

நான் என் ரிப்போர்ட் புராணத்தைச் சொன்னேன். தசை, சேதம், என்சைம் எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏங்கண்ணு, அமாவாசைக்கு நம்மூர்ல யாராச்சும் ஏர் பூட்டிப் பாத்துருக்கியா?"

இல்லை. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் தோட்டத்தில் மாட்டு ஏர் கிடையாது, டிராக்டர்தான். ஆனால் அமாவாசையன்று கொத்தனார் வேலைக்கு வரமாட்டார் என்பது தெரியும். வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்.

"உங்க தாத்தன் காலத்துல அமாவாசையன்னிக்கு மாட்டக் கழுத்துல நுகம் வெக்க மாட்டாங்க. சாமி குத்தம்னு சொல்லுவாங்க. சாமி குத்தமெல்லாம் இல்ல. அப்படிச் சொல்லலீன்னா மனுசன் மாட்டுக்கு லீவு விடுவானா? மழ பேஞ்சு ஈரம் இருக்குதுன்னா, இன்னொரு நாள் ஓட்டிக்கலாம்னு தோணும்ல? கழுத்துல புண்ணு வந்த மாட்ட வெச்சுட்டு ஒரு மாசம் ஒண்ணும் பண்ண முடியாது."

நான் ஒன்றும் பேசவில்லை. என் வேலையிலும் இது இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் டெப்ளாய் பண்ணக்கூடாது என்று எங்கள் டீமில் ஒரு விதி. ஒவ்வொரு தடவையும் யோசித்து முடிவு செய்யலாம் என்று விட்டால், எல்லோரும் 'இந்த ஒரு தடவை' என்றுதான் சொல்வார்கள்.

அந்த வாரம் வழக்கம்போல் இன்ஜினியர் புத்தி, படித்துத் தள்ளினேன். சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் மனைவி திட்டுவாள். தசை ஜிம்மில் வளர்வதில்லை. ஜிம்மில் அது உடைகிறது. வளர்வது அடுத்த ஒன்றிரண்டு நாளில். எடை தூக்கிய பிறகு தசையில் புதுப் புரதம் கட்டும் வேலை வேகமெடுத்து, 24 மணி நேரம் வாக்கில் நன்றாக நடக்கிறது, 48 மணி வரைகூட நீடிக்கலாம். அதற்குள் அதே தசையை மறுபடி அடித்தால் சிமெண்ட் காயும் முன்னே மேல்தளம் போட்ட மாதிரி. தசைநாண்கள் இன்னும் மெதுவானவை, அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால்தான் கைக்குப் பலம் ஏறியும் தோள்மூட்டு மட்டும் முனகிக்கொண்டே இருந்தது.

தூக்கம் அதைவிடப் பெரிய விஷயம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளம் ஆண்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். அவர்களின் டெஸ்டோஸ்டிரோன் பகலில் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. 2011ல் வந்த ஆய்வு. நான் ஏழு மாதமாக அதே ஐந்து மணி நேரம்தான் தூங்கினேன், அதற்கு மேல் புரதப் பவுடருக்கும் காசு அழுதேன். காலையில் எழுந்ததும் என் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பு 58லிருந்து 66 ஆகியிருந்ததை, வாட்ச் பழசாகிவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள்.

சாப்பாட்டையும் சொல்லவேண்டும். எங்கள் வீடு சைவம். ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம். தொடர்ந்து எடை தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் தரும் என்கிறார்கள். என் 74 கிலோவுக்கு அது 118 கிராம். 59 இட்லி! மனைவி கணக்கைக் கேட்டுவிட்டு, "மாவு நீங்களே ஆட்டிக்கோங்க" என்றாள். இப்போது ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் தினமும், தயிர், பனீர், டோஃபு. ஓய்வு நாளில் புரதத்தைக் குறைக்கக்கூடாது என்பதும் அப்போதுதான் உறைத்தது, கட்டட வேலை நடப்பது அன்றைக்குத்தானே.

பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர் பின்கட்டில் ஐஸ் தொட்டி வைத்திருக்கிறார். பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடம் அதில் உட்கார்ந்துவிட்டு வேலைக்குப் போவார். என்னையும் அழைத்தார். ஆஸ்திரேலியாவில் 12 வாரம் சோதித்து 2015ல் வெளியிட்டதில், ஒவ்வொரு எடைப்பயிற்சிக்குப் பிறகும் ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசையும் பலமும் குறைவாகத்தான் ஏறியிருக்கின்றன. அதை அவரிடம் சொன்னேன். "ஆனா மனசுக்கு நல்லா இருக்கே" என்றார். அதுவும் நியாயம்தான், இனி ஓய்வு நாளில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. தாராபுரம் வெயிலில் வளர்ந்த உடம்பு.

பத்தாம் நாள் ரத்தம் கொடுத்தேன். ஏ.எல்.டி. இறங்கிவிட்டது, ஏ.எஸ்.டி. கொஞ்சம் பாக்கி, சி.கே.யும் கிட்டத்தட்ட வழிக்கு வந்துவிட்டது. கல்லீரலுக்கு ஒன்றும் இல்லை. அப்பா, "குடிகாரன் இல்லேன்னு சர்டிபிகேட் வந்துருச்சா?" என்று கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரண ஜிம் கதை. ஆனால் அந்த வாரம் வியாழக்கிழமை, என் மகள் மாடியிலிருந்து இறங்குவதை முதல்முறையாகக் கவனித்தேன். அந்த நேரத்தில் நான் வழக்கமாக வீட்டில் இருக்கமாட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மடக்காமல், ஒவ்வொரு படியாக இறங்கினாள். வயது 12. கிளப் சாக்கர் ஆடுகிறாள்: வாரத்தில் நான்கு நாள் பயிற்சி, வாரக்கடைசியில் மேட்ச், நடுவில் பள்ளி அணி வேறு.

"காலுக்கு என்னடா ஆச்சு?"

"நத்திங்ப்பா."

"எத்தனை நாளா?"

பதில் இல்லை. அவள் அம்மா கேட்ட பிறகு சொன்னாள். இரண்டு மாதமாக முழங்காலுக்குக் கீழே வலி. பயிற்சிக்குப் போகும் முன் என் அலமாரியிலிருந்து வலி ஸ்ப்ரே எடுத்து அடித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"நீங்களும்தான் ஷோல்டர் வலியோட போறீங்க. ரெஸ்ட் எடுத்தா வீக் ஆயிடுவோம்னு நீங்கதானேப்பா சொன்னீங்க."

நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். காரில் போகும்போது, யாருக்கோ போனில், டம்பெல்லைக் கீழே வைத்தபடி. பிள்ளைகளிடம் நேராகச் சொல்வது அவர்கள் காதில் ஏறுவதில்லை, மற்றவர்களிடம் சொல்வது ஒன்றுவிடாமல் ஏறிவிடுகிறது. அதைவிட, சொல்லவே வேண்டியதில்லை, அந்த டீ-சர்ட்டை ஏழு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறாள்.

குழந்தை மருத்துவர் தொட்டுப் பார்த்தவுடன் சொல்லிவிட்டார், ஆஸ்குட்-ஷ்லாட்டர். 1903ல் பாஸ்டனில் ஒருவரும் சூரிக்கில் ஒருவரும் தனித்தனியாக விவரித்தது, இருவர் பெயரும் சேர்ந்துவிட்டது. முழங்கால் சிப்பியிலிருந்து இறங்கும் தசைநாண், கெண்டைக்கால் எலும்பில் ஒட்டும் இடம் வளரும் வயதில் இன்னும் முழுக்க எலும்பாகியிருக்காது. ஓடி ஓடி, உதைத்து உதைத்து அந்த இடத்தையே இழுத்துக்கொண்டிருந்தால் அது வீங்கி வலிக்கிறது. பயப்படும் வியாதி இல்லை, வளர்ந்து முடிந்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதுவரை சுமையைக் குறைக்கவேண்டும்.

மருத்துவர் என்னைப் பார்த்து ஒரு கணக்குக் கேட்டார். வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் விளையாடுகிறாள்? கூட்டிப் பார்த்தேன், 15. வயது 12. ஒழுங்கமைத்த விளையாட்டு நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டினால் காயம் படும் வாய்ப்பு கூடுகிறது என்று டாக்டர் நீரு ஜெயந்தி குழுவினர் 2015ல் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் பல வருடமாகச் சொல்லிவருவது இது: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, ஒரே விளையாட்டிலிருந்து வருடத்தில் இரண்டு மூன்று மாதம் விலகல். கிளப் சாக்கரில் பிள்ளை இருக்கும் எந்தப் பெற்றோரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். சீசன் முடிந்தால் டிரைஅவுட், டிரைஅவுட் முடிந்தால் கோடை முகாம்.

தூக்கமும் அப்படித்தான். இந்த வயதில் ஒன்பது மணி நேரமாவது வேண்டும். நடுநிலைப் பள்ளிகள் எட்டு மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்று கலிஃபோர்னியா சட்டமே போட்டிருக்கிறது, 2022 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. அரசு காலையில் கொடுத்த நேரத்தை நாம் ராத்திரியில் பிடுங்கிக்கொள்கிறோம். எட்டரைக்குப் பயிற்சி முடிந்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் படுக்கப் பத்தரை.

நம் வீடுகளில் ஓய்வுக்கு நல்ல பெயர் இல்லை. உங்களில் பலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். உங்கள் அப்பா அம்மா இரண்டு சூட்கேசோடு வந்து, சும்மா உட்காராமல் உழைத்து உங்களை ஆளாக்கியதைப் பார்த்தவர்கள். சும்மா இருப்பது என்றாலே உள்ளே ஏதோ குறுகுறுக்கும். எனக்கும் அப்படித்தான். மகளின் கோச்சுக்கு மெயில் எழுதி, ஆறு வாரத்துக்கு வாரம் இரண்டு பயிற்சிதான் என்று சொல்லும்போது, அவள் சார்பாக நான் மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதியிருந்தேன். மனைவி படித்துவிட்டு 'சாரி' என்ற வார்த்தையை மூன்று இடத்தில் அழித்தாள். கோச் நல்ல மனிதர், சரி என்றார். ஆனால் அவள் ஆடும் இடத்தில் இப்போது வேறொரு பெண் ஆடுகிறாள். அதைப் பார்த்துவிட்டு வந்த சனிக்கிழமை என் மகள் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் இப்போது வாரம் மூன்று நாள் ஜிம். திங்கள், புதன், வெள்ளி. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை, எடையைப் பாதியாக்கி ஒரு வாரம். சென்னை காலை வாரத்தில் இரண்டாகக் குறைத்துவிட்டேன்; அதற்கு மேனேஜரிடம் பேச எடுத்துக்கொண்ட தைரியம் ஸ்குவாட்டில் 100 கிலோ தூக்க எடுத்ததைவிட அதிகம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு மாதத்தில் ஸ்குவாட் எடை ஏறியிருக்கிறது. நாடித்துடிப்பு மறுபடி 59.

டீ-சர்ட்டைக் காணோம். தேடியபோது அப்பா அதைக் கிழித்துக் கார் துடைக்க வைத்திருப்பது தெரிந்தது. "பஞ்சு நல்ல பஞ்சு" என்றார்.

சனிக்கிழமைகளில் அப்பா நல்லெண்ணெய் காய்ச்சிப் பேரன் பேத்தி தலையில் வைக்கிறார். மகள் முதலில் "ஸோ கிராஸ்" என்றாள், இப்போது அந்த ஒரு மணி நேரம் அவரிடம் உட்கார்ந்து, அவர் கேட்காத கதையெல்லாம் சொல்கிறாள். முட்டிக்குக் கீழேயும் கொஞ்சம் எண்ணெய் தடவிவிடுகிறார். அதனால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தமிழ் காலண்டர் முன் நின்றுகொண்டு, "தாத்தா, நெக்ஸ்ட் அமாவாசை எப்போ?" என்றாள். தாத்தா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துச் சொன்னார். அன்றைக்குப் பயிற்சி இருக்கிறது. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். படி இறங்கும்போது அவளுக்கு இன்னும் கொஞ்சம் வலி இருக்கிறது. அடுத்த சீசனுக்குப் பணம் கட்ட 15ஆம் தேதி கடைசி. படிவம் சமையல் மேடையில் கிடக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.